பாலையா என்னும் பக்கவாத்தியம்

அவையோருக்கு வணக்கம்.

டி.எஸ். பாலையாவை நகைச்சுவை நடிகர்கள் வரிசையில் உட்காரவைத்துப் பேசினால் கொஞ்சம் இடிக்கும். கலைவாணர் இருக்கிறார், தங்கவேலு இருக்கிறார், சந்திரபாபு, நாகேஷ் இருக்கிறார்கள். அவர்கள் திரையில் தலைகாட்டினாலே கொட்டகை சிரிக்கத் தயாராகிவிடும். பாலையா வந்து நின்றால் அந்த உத்தரவாதம் கிடையாது. வந்த மனுஷன் குடியைக் கெடுக்கப் போகிறாரா, பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறாரா, தூணில் சாய்ந்து அழப் போகிறாரா என்று கடைசி வரை தெரியாது. அவருடைய சிரிப்புக்கு உயிரே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது.

நெல்லைச் சீமையில் சுண்டங்கோட்டை அவர் ஊர். பிறந்தது 1914 ஆகஸ்ட் 23. நாடகக் கம்பெனி வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். அந்தக் காலத்துக் கம்பெனி மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் வசனம் போய்ச் சேரவேண்டும். கத்தினால் தொண்டை போய்விடும், மறுநாள் நாடகம் நின்றுவிடும். அதனால் சொல்லை நீட்டுவது, இழுப்பது, வாக்கியத்தின் கடைசியில் சட்டென்று குரலை இறக்குவது என்று ஒரு பழக்கம் ஏற்படும். பாலையாவின் பேச்சில் கடைசி வரை இருந்தது இந்தப் பழக்கம்தான். பிற்காலத்தில் மைக் எவ்வளவு நெருங்கி வந்தபோதும் அவர் அந்த இழுவையை விடவில்லை, அளவை மட்டும் குறைத்துக்கொண்டார்.

முதல் படம் 1936ல் வந்த ‘சதி லீலாவதி’. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எம்.ஜி.ஆர் திரையில் முதன்முதலில் முகம் காட்டிய படமும் அதுதான், என்.எஸ். கிருஷ்ணனும் அதில் உண்டு. எம்.கே. ராதா கதாநாயகன். அவரைக் குடிப்பழக்கத்தில் தள்ளிக் குடும்பத்தைச் சிதறடிக்கிற வில்லன் பாலையா. மறு வருடம் ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்ரசேனன். அடுத்த இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். 1949ல் ‘வேலைக்காரி’யில் கதாநாயகனுக்குத் தோழனாக வந்தது போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் 1956ல் ‘மதுரை வீரன்’ வந்தபோதும் வில்லன் நரசப்பனாகத்தான் நின்றார்.

வில்லன் வேலையில் ஒரு நடிகன் கற்றுக்கொள்வது என்ன? கேட்பதற்குக் கற்றுக்கொள்கிறான். கதாநாயகன் பேசுவான், பாடுவான். வில்லன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போடுவான். அந்தக் கணக்கு ஓடுவது கண்ணில் தெரியவேண்டும். வாயால் சொன்னால் கெட்டது. பாலையா இதை இருபது ஆண்டு செய்திருக்கிறார். பிறகு அதே கணக்குப் போடும் முகத்தை ஒரு பணக்கார அப்பாவுக்கு மாட்டிவிட்டார்கள், அது நகைச்சுவையாகிவிட்டது. முகம் மாறவில்லை, கணக்கில் யார் ஜெயிப்பார் என்பது மாறிவிட்டது. இந்த மாற்றத்துக்கு நடுப்புள்ளி 1954ல் வந்த ‘தூக்குத் தூக்கி’. அதில் அரைகுறைத் தமிழ் பேசும் வடநாட்டுச் சேட். கதைப்படி அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்திருக்கும் கெட்டவன்தான், ஆனால் ஆள் வாயைத் திறந்தாலே கொட்டகை சிரிக்கிறது. கெட்டவனாகவே இருந்துகொண்டு சிரிக்கவைக்கலாம் என்பதற்கு அந்தப் படமே போதும்.

இனி 1964க்கு வருவோம். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. பாலையாவுக்கு அப்போது 49 வயது. சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதனாக வருகிறார். இரண்டு பெண்களுக்கும் பணக்கார மாப்பிள்ளை வேண்டும். மகன் செல்லப்பா, அதாவது நாகேஷ், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி வைத்துப் படம் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்கிறான். திகில் படக் கதை சொல்கிற அந்தக் காட்சியைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்கமாட்டீர்கள்.

அந்தக் காட்சியைக் கல்லூரி விழாக்களில் நிறையப் பேர் நடிக்கிறார்கள், பெரும்பாலும் சொதப்புகிறது. காரணம் ஒன்றுதான். கதை சொல்ல ஆரம்பித்த உடனேயே கேட்பவர் பயப்பட ஆரம்பித்துவிடுகிறார். பாலையா அப்படிச் செய்யவில்லை. முதலில் அவரிடம் இருப்பது எரிச்சல், ‘இவன் பணத்துக்கு அடிபோடுகிறான்’ என்ற சந்தேகம். அது கரைய நேரம் கொடுக்கிறார். அப்புறம் ‘சரி, என்னதான் சொல்கிறான் பார்ப்போம்’ என்கிற அரை ஆர்வம். கதைக்குள் ஆள் விழுந்ததே தெரியாமல் விழுகிறார். அதற்கப்புறம்தான் பயம் வருகிறது. அதுவும் முதலில் கண்ணுக்கு மட்டும் வருகிறது, பிறகு வாய்க்கு, கடைசியில் உடம்பு முழுக்க. அதுவரை நாகேஷ் எழுந்து திரிந்து, காற்று, கதவு, காலடி எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே எழுப்பிக்கொண்டிருக்கிறார். இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடினால் காட்சி சந்தைக்கடை ஆகியிருக்கும். அந்தக் காட்சிக்கு நாகேஷ் வாங்கிய கைத்தட்டலில் பாதி பாலையாவின் கணக்கில் சேரவேண்டியது என்பது என் கட்சி. நாகேஷ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மீதிப் பாதி தாராளமாக அவருக்குத்தான்.

இதே படத்தில் இன்னொரு இடம், ஒரே ஒரு வரி. வேலையை விட்டுத் துரத்திய அசோக் என்ற பையன் வீட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்து போராட்டம் நடத்துகிறான். அவனுடைய தோழன் வாசு கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு பெரிய பணக்காரர் சிதம்பரமாக வந்து, அசோக் தன் மகன் என்கிறான். விஸ்வநாதன் கேட்கிறார்: “அசோகர் உங்க மகருங்களா?”

இந்த வரியில் நடப்பதைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். அது வரை அந்தப் பையன் அவன், இவன்தான். பணம் என்று காதில் விழுந்ததும் நாக்கு மரியாதை விகுதியைத் தேடி ஓடுகிறது. அசோக் அசோகர் ஆனது சரி, மன்னர் பெயர் மாதிரி ஒலித்தாலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அவசரத்தில் ‘மகன்’ என்ற சொல்லின் ‘ன்’ஐயும் ‘ர்’ ஆக்கி ‘மகர்’ என்று விடுகிறார். தமிழில் இல்லாத ஒரு சொல். பேராசை இலக்கணத்தை உடைக்கிற சத்தம் அது. இதை வேறொரு மொழியில் சொல்லவே முடியாது. அவர் அதை ஜோக்காகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ரொம்பவும் பவ்யமாக, உண்மையான மரியாதையோடு கேட்கிறார். கொஞ்சம் அழுத்தியிருந்தால்கூட வரி செத்திருக்கும்.

மறு வருடம் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. பாண்டியன் சபையில் சவால் விடும் ஹேமநாத பாகவதர். ‘ஒரு நாள் போதுமா’ பாட்டைக் கண்ணதாசன் எழுத, கே.வி. மகாதேவன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடினார். தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயரையே சொற்களுக்குள் ஒளித்து வைத்து, அந்தந்த இடத்தில் அந்தந்த ராகத்துக்கு மாறுகிற ராகமாலிகை அது. வாயசைக்கிற நடிகனுக்கு இது பொல்லாத பாட்டு. பிருகா, அதாவது சுரங்களின் வேகமான ஓட்டம், போகிற வேகத்துக்குத் தாடை ஓடவேண்டும், ராகம் மாறும்போது முகமும் மாறவேண்டும். கொஞ்சம் அசந்தால் ‘யாரோ பாடுகிறார், இவர் வாயை மூடி மூடித் திறக்கிறார்’ என்று ஆகிவிடும். பாலையா அதைத் தாண்டி இன்னொன்று செய்தார். பாகவதரைக் கேலிச்சித்திரம் ஆக்கவில்லை. இந்த ஆள் உண்மையிலேயே பெரிய வித்வான் என்று சபை நம்பினால்தான், விறகுவெட்டியாக வந்து சிவன் பாடும்போது இவர் இருட்டோடு இருட்டாக ஊரைவிட்டுப் போவதற்கு அர்த்தம் உண்டு. பாட்டு சுத்தம், அகந்தை மட்டும்தான் சிரிப்பு. இடுக்குக் கண்ணால் சபையை ஒரு சுற்று அளந்துவிட்டு வருகிற அந்தப் பார்வையில் பழைய ருத்ரசேனன் இருக்கிறான்.

அழவைக்கவும் தெரியும். 1959ல் ‘பாகப்பிரிவினை’யில் மனைவி பேச்சைத் தட்டமுடியாத அண்ணன் வேஷம். குடும்பம் பிளவுபடும்போது நாதியற்று நிற்கிற முகம். 1967ல் ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’ இரண்டிலும் அப்பா வேஷம். முன்னதில் மூன்று மகன்களும் ஆடம்பரத்துக்குப் போய் மாட்டிக்கொள்ள, ‘வரவு எட்டணா செலவு பத்தணா’ என்று கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். பின்னதில் தானே ஒரு ரகசியத்தை மூடிமறைத்துத் தவிக்கிறவர்.

எனக்குப் பிடித்தது 1968ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம், அதாவது சிவாஜி; அவர் கோஷ்டியில் பாலையா தவில் வித்வான். நாதஸ்வர ஒலி எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. திரையில் தவில் வாசிக்கிற மாதிரி நடிப்பது நாதஸ்வரத்தைவிடக் கஷ்டம். வலக்கையில் விரலுக்கு விரல் கூடு மாட்டியிருக்கும், இடக்கையில் குட்டையான கழி இருக்கும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும். தெரியாதவன் உள்ளங்கையால் பொத்து பொத்தென்று அடிப்பான், தவிலில் வேலை மணிக்கட்டிலும் விரலிலும் இருக்கிறது. இன்னொன்று, நல்ல தவில்காரன் தன் வாத்தியத்தைப் பார்க்கமாட்டான். நாயனக்காரர் மூச்சை எங்கே முடிக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்ப்பான். பாலையாவின் கண் சிவாஜி மேலேயே இருக்கிறது.

‘நலந்தானா’ பாட்டில் இதை நின்று பார்க்கலாம். சண்முகத்தின் காதலி, நாட்டியக்காரி மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். சபைக்கு அது பாட்டு, சண்முகத்துக்கு அது கடிதம். நடுவில் உட்கார்ந்திருக்கும் தவில்காரருக்கு இரண்டும் புரிகிறது. புரிந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு வசனம் கிடையாது, எழுந்திருக்க முடியாது, தாளத்தை விடவும் முடியாது. கை பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்கிறது, முகம் மட்டும் சந்தோஷத்தில் கோணிக்கொள்கிறது.

அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1972 ஜூலை 22ல் காலமானார். 58 வயது முடிய ஒரு மாதம் இருந்தது.