நஷ்டம் வந்தாலும் தவறாத வாக்கு

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, சபை மூப்பர்களே, இளைஞர் சங்கத்து நண்பர்களே,

கிறிஸ்தவன் உத்தமனாகவும் நோக்கத்தோடும் வாழ்வது பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். 'உத்தமம்' என்னும் சொல் நம் வேதாகமத்தில் அடிக்கடி வருவதாலேயே நம் காதுக்குப் பழகிப்போய்விட்டது. யோபு உத்தமன் என்று வாசிக்கக் கேட்கிறோம், தலையசைக்கிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். ஆகவே அந்தச் சொல்லை இன்று நெல்லையும் மாட்டையும் கொண்டு அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1780-இல் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை, அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ்ச் சீமைக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டு தஞ்சைச் சீமை முழுவதும் சூறையாடப்பட்டு, வாய்க்கால்களும் வயல்களும் பாழாகி, கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த மக்கள் பசியால் தெருவிலேயே விழுந்து மடிந்தார்கள். நாட்டுப்புறத்தில் நெல் அடியோடு இல்லாமற்போகவில்லை. அதைச் சுமந்துவர மாடுகள்தாம் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் அவற்றைத் தர மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. முன்பு அவர்கள் கொடுத்ததற்கு ஒழுங்காகக் காசு வந்து சேரவில்லை. மன்னர் துளஜாஜி வாக்களித்தார், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரும் வாக்களித்தார்கள். ஒரு மாடுகூட அசையவில்லை. கடைசியில் மன்னரே, நம் எல்லோருடைய நாணயமும் போய்விட்டது, சுவார்ட்ஸ் ஐயரின் பேச்சையாவது குடிகள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நம் முன்னோர் 'ஐயர்' என்று அழைத்த இந்த கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ், 1726-இல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலே நகரில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி. அவர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். கூலியை என் கையாலேயே கொடுப்பேன் என்றார். மாடு எதிரியின் கையில் சிக்கிப் போனால் அதற்கும் விலை தருவேன் என்றார். ஓரிரண்டு நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து ஊருக்குள் போய், சில நாட்களில் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். வேலை முடிந்ததும் ஐயர் பேசியபடி பணத்தைக் கொடுத்து, மேலே சிறு வெகுமதியும் வைத்து அவர்களை அனுப்பினார். போன உபதேசியாரின் பெயரை நாம் யாரும் சொல்வதில்லை; எனக்கு அது எப்போதும் ஒரு குறையாகவே தோன்றும்.

பதினைந்தாம் சங்கீதம், கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத்தக்கவனைக் குறித்து, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்கிறது. இங்கே 'நஷ்டம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிரி பிடித்துக்கொண்டுபோன மாட்டுக்கும் நான் பொறுப்பு என்று எழுதியவர் அந்த நஷ்டத்தை முன்கூட்டியே தன் பேரில் எழுதிக்கொண்டார். நாம் கொடுக்கும் வாக்குகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரி இருப்பதில்லை. 'முடிந்தால் பார்க்கிறேன்', 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்றெல்லாம் சொல்லி, தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறோம். கர்த்தருடைய சித்தத்தை இப்படிக் கொல்லைப்புறக் கதவாக்குவது பக்தியின் பெயரால் நடக்கும் தந்திரம் என்றே நான் கருதுகிறேன்.

பஞ்சகாலத்தில் எழுதிய ஒரு கடிதம் மட்டும் அந்த நம்பிக்கையை உண்டாக்கிவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1779-இல், சென்னைக் கும்பினி அரசு சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குத் தூது அனுப்பியது. ஐதர் அலியும் அவரை நம்பிக்கைக்குரிய மனிதராக ஏற்றுக்கொண்டார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொண்ட ஒரு பை அவருக்குக் கொடுக்கப்பட்டது. திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், கொடுத்தவர்கள் வாங்கவில்லை. அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்களும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதலாக்க அனுமதி கேட்டார். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. பலிக்காத ஒரு காரியத்திலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தப் பை ஒன்றுதான், அதுவும் அவர் கையில் தங்கவில்லை. திருச்சியில் படைக் குருவாக அவருக்குக் கிடைத்த ஆண்டுச் சம்பளம் நூறு இங்கிலாந்துப் பவுண்டு, அதிலும் பாதி சபைக்கே போயிற்று. மாடு கொண்டுவந்த குடியானவன் இந்தக் கணக்கையெல்லாம் ஏட்டில் வாசித்தவனல்ல. ஆனால் ஒரு மனிதன் எதை வாங்குகிறான், எதை வாங்குவதில்லை என்பது ஊருக்குத் தெரியாமல் போவதில்லை.

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறிய சபையின் பொருளாளராக இருந்தேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைத் துணிமணி அறையில் மேசைமேல் கவிழ்த்து, தாள்களை நீவி, நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவோம். ஒரு ஞாயிறு, பதிவேட்டுக்கும் பணப்பெட்டிக்கும் நாற்பது ரூபாய் இடித்தது. மூன்று முறை எண்ணியும் கூடிவரவில்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு விருந்தினர் காத்திருந்தார்கள். என் சட்டைப்பையிலிருந்து நாற்பது ரூபாயை எடுத்துப் போட்டு, 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அருகே நின்ற ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை, வயதானவர், மெல்லிய குரலில், "ஐயா, போட்டது உங்க பணம், அது சரி, ஆனா எழுதினது பொய்யில்லையா?" என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் திருடவில்லையே, கொடுத்தல்லவா இருக்கிறேன்! வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது: அந்த நாற்பது ரூபாயால் நான் வாங்கியது எனக்கு ஒரு நற்பெயர். குறைவு எங்கே நேர்ந்தது என்று தேடிப் பார்க்கும் உரிமையைச் சபைக்கு இல்லாமல் செய்துவிட்டேன். மறுவாரம் அந்த வரியை அடித்து, 'குறைவு ரூ. 40' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.

சுவார்ட்ஸ் குற்றமற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய சபையில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் இருந்தது; அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். அவர் விட்டுவைத்ததை அடுத்த தலைமுறை பெரும் சண்டைகளோடு எதிர்கொள்ள நேர்ந்தது. நம் காலத்திலும் கல்லறைத் தோட்டங்களில் அதன் சுவடு இருக்கிறது. காசில் இவ்வளவு நேர்மையாக இருந்தவர் இதில் ஏன் தயங்கினார் என்ற கேள்வியை, அவரை மதிக்கிறவர்களே கேட்டாக வேண்டும்.

நோக்கம் என்னும் சொல்லுக்கு வருகிறேன். மிஷனெரிக்கு நோக்கம் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம்: பிறரைக் கிறிஸ்தவராக்குவது. 1787-இல் சாகும் தறுவாயில் துளஜாஜி, தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியை சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். ஒரு நாட்டின் வாரிசைக் கையில் வாங்கி, அவன் வழியாக நாட்டையே திருப்பிவிடலாம் என்று எண்ணும் நோக்கக்காரர்கள் உண்டு. சுவார்ட்ஸோ தனியாக அந்தப் பாதுகாவலை ஏற்கத் தயங்கினார். பின்பு துளஜாஜியின் தம்பி முறையான அமர்சிங்கின் ஆட்சியில் பையன் அடைபட்டு, படிப்பின்றி வாடுகிறான் என்று கண்டபோது விடாமல் முறையிட்டு, 1793-இல் அவன் சென்னைக்குப் போய்க் கல்வி பெற வழிசெய்தார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தம் முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்து, சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கியவர் அவர்.

1798 பிப்ரவரி 13-இல் ஐயர் மறைந்தார். தஞ்சையில் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி, 1779-இல் கட்டப்பட்ட அவருடைய ஆலயத்திற்குப் போகிறவர்கள் சுவரிலுள்ள பளிங்குச் சிற்பத்தின் முன் சற்று நில்லுங்கள். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி மன்னர் செய்வித்தது அது. கட்டிலில் ஐயர் சாய்ந்திருக்கிறார். அருகே நிற்கும் மன்னர், தம்மைக் கிறிஸ்தவனாக்காத அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.