கடையில் சொல்வதை நோட்டீசில் எழுதுங்கள்

(பெருந்துறையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு நடந்த விளம்பர எழுத்துப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. செக்கு ஓட்டுகிறவர்கள், தறி வைத்திருப்பவர்கள், மஞ்சள் அரைத்து விற்பவர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நீங்கள் உள்ளே வரும்போதே உங்கள் நோட்டீசுகளை வாங்கிப் படித்துவிட்டேன். கடலை எண்ணெய், சமக்காளம், நாட்டுச்சர்க்கரை, பெட்ஷீட் என்று சரக்கு வேறு வேறு. வாசகம் மட்டும் ஒன்றே: 'உயர்ந்த தரம், நியாயமான விலை, நம்பிக்கையான சேவை.' எண்ணெய்க்காரர் நோட்டீசில் சமக்காளக்காரர் பெயரைப் போட்டு அச்சடித்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வரி பொய் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரரும் அதையேதான் எழுதுகிறார். அப்புறம் உங்களிடம் வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

எழுதத் தெரியவில்லையே என்று நிறையப் பேர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். பேசத் தெரிந்தவர்களுக்கு எழுத வரும் என்பதுதான் என் அனுபவம். பவானியில் ஒரு கடைக்குச் சமக்காளம் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கிக்கொண்டு நின்றார். கடையில் இருந்த அம்மா சமக்காளத்தை உதறி விரித்தார். "பொரட்டிப் பாருங்க கண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டவே இருக்கும். முரட்டு நூலுல நெய்யறது. பந்தியில போட்டு, கலியாணத்துல போட்டு, உங்க பேத்தி காலத்துக்கும் வரும். மொத அலசுல கொஞ்சம் சாயம் உடுமுங்க, வெள்ளைத் துணியோட மட்டும் போட்டறாதீங்க" என்றார். ஒன்று வாங்க வந்தவர் இரண்டு எடுத்துக்கொண்டு போனார். அதே கடையின் நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். 'பாரம்பரியம் மிக்க தரமான ஜமக்காளங்கள் கிடைக்கும்' என்று இருந்தது. அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்லாவது அதில் இல்லை. சரக்கை விற்ற சொற்கள் எல்லாம் கல்லாவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டன.

அவர் செய்ததைக் கவனியுங்கள். 'தரம்' என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. புரட்டிப் பார்க்கச் சொன்னார், எங்கே விரிப்பது என்று சொன்னார். கேட்காமலே குறையையும் சொன்னார். சாயம் விடும் என்று சொன்னவர், மற்றதையும் மெய்யாகத்தான் சொல்லியிருப்பார் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

செக்கு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கடையில் வாங்கும் எண்ணெயைவிட உங்களுடையது விலை அதிகம். வாங்க வருபவர் மனதில் முதலில் நிற்பதும் அந்த விலைதான். அதை மறைத்து, 'விலைக்குப் போன் செய்யவும்' என்று போடுகிறீர்கள். செய்யாதீர்கள். விலையை முதல் வரியிலேயே போட்டுவிட்டு, அடுத்த வரியில் இப்படி எழுதுங்கள்: 'ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க எங்களுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு ஆகிறது. இன்றைக்குப் பருப்பு என்ன விலை என்று உங்கள் மளிகைக் கடையில் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.' உங்கள் செக்கில் எவ்வளவு ஆகிறதோ அந்தக் கணக்கைப் போட வேண்டும், என் கணக்கை அல்ல. வாங்குபவர் தானே பெருக்கிப் பார்த்தபிறகு உங்களிடம் பேரம் பேச மாட்டார். புண்ணாக்கை விற்று வரும் பணத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அடியில் மண்டி படியும் என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பாட்டிலைத் திறந்த அன்றே சந்தேகம் வரும்.

ஆனால் கொலஸ்ட்ரால் குறையும், மூட்டுவலி போகும் என்று எழுதவே வேண்டாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை.

சட்டத்தைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைத்தது. எழுத வந்த புதிதில், பெட்ஷீட் நெய்யும் ஒருவருக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். 'சாயம் போகவே போகாது' என்று ஒரு வரி. அவர் சொல்லவில்லை. வரி எடுப்பாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. அடர்சிவப்புத் துணி இரண்டாம் அலசிலேயே வெளுத்தது. வாங்கிய வீட்டுக்காரர்கள் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார்கள். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகு, தறியில் உட்கார்ந்தவரிடம் கேட்காமல் ஒரு வரியும் நான் எழுதுவதில்லை.

மஞ்சள்காரர்களுக்கு ஒன்று. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு (இந்தப் பகுதிச் சரக்கு என்பதற்கான அரசு அங்கீகாரம்) கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் போடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். விரலியா, கிழங்கா? எந்த மாதம் வேகவைத்தது? எங்கே அரைத்தது? சென்னையில் பாக்கெட்டைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது. நமக்குத் தெரிந்ததால் அவருக்கும் தெரியும் என்று விட்டுவிடுகிறோம்.

திருப்பூரில் இருந்து வந்த தம்பிகள், ஆர்டர் கொடுக்கும் பையருக்கு அனுப்பும் கடிதத்தில் முதல் அரைப்பக்கம் கம்பெனி வரலாறு. அப்பா எப்போது ஆரம்பித்தார் என்பது பிறகு வரட்டும். எத்தனை ஜி.எஸ்.எம். துணி (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்), எத்தனை நாளில் சாம்பிள், குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும், இந்த மூன்றும் முதல் மூன்று வரியில் இருக்கட்டும். வாட்ஸ்அப்புக்கும் இதேதான். திறக்காமலே கண்ணில் படுகிற வரியில் 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று இடத்தை அடைக்க வேண்டாம்.

பேச்சு போதும். நோட்டீசுகளைத் திருப்பித் தருகிறேன், ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'தரமான' என்று இருக்கிற இடத்தை எல்லாம் அடியுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் சரக்கை விற்றுக் காட்டுங்கள். நீங்கள் பேசப் பேச அவர் எழுதட்டும். நாட்டுச்சர்க்கரை கொண்டுவந்த அம்மிணி, நீங்கள் முதலில் வாங்க. இந்தச் சர்க்கரை ஏன் கொஞ்சம் கறுத்திருக்கிறது? அதிலிருந்தே ஆரம்பிக்கலாமுங்க.