டேஷ்போர்டுக்குள் டிக் டிக்: 38,000 ரூபாய் வேலையா, 450 ரூபாய் கேபிளா?

வணக்கம். சத்தம் போய்விட்டது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். என் பழைய எம்ஜிபி காரின் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு டிக் டிக் சத்தம் வருகிறது என்று போன வீடியோவில் மைக்கை வைத்துக் கேட்க வைத்தேன் இல்லையா, அது இன்று கடலூரிலிருந்து புதுச்சேரி வந்து சேரும்வரை ஒரு தடவைகூட வரவில்லை. கன்னியக்கோயில் தாண்டினேன், இல்லை. தவளக்குப்பம், இல்லை. சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக உருட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டேன், அப்போதும் இல்லை. ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஆடாமல் நிற்கிறது. இவ்வளவு சந்தோஷமாக இந்த வண்டியை ஓட்டி ரொம்ப நாளாகிறது.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: வண்டி 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையைத் திறக்கும் கார். இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி, 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. டேஷ்போர்டில் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்கள், கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்து. இந்த மீட்டர்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்போது வரும் வண்டிகளில் டேப்லெட்டைக் கொண்டுவந்து ஒட்டி வைக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சரி, கோபத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் வண்டியைக் காட்டினேன். பெயர் வேண்டாம். சத்தத்தைச் சொன்னதும் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், 38,000 ரூபாய். டேஷ்போர்டை இறக்கி ஏற்ற 22,000, ஒயரிங் பார்க்க 9,000, இதர செலவு 7,000. இதோ பேப்பர், பாருங்கள். இதரன்னா என்ன சார் என்று கேட்டேன். இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். 7,000 ரூபாய்க்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை! அதைவிட எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? ஒருவரும் வண்டியில் ஏறி உட்காரவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்காமலே சத்தத்துக்கு விலை போட்டுவிட்டார்கள். "பழைய வண்டி சார், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று வேறு சொன்னார் ஒருவர். இந்த வாக்கியம் எனக்கு ஆகவே ஆகாது. பழைய வண்டியாக இருந்தாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

டேஷ்போர்டில் ஸ்குரூடிரைவர் வைக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். சத்தம் எதைப் பின்தொடர்கிறது? எஞ்சினையா, சக்கரத்தையா, ரோட்டில் இருக்கும் பள்ளத்தையா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்து 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றினேன். டிக் டிக் இல்லை. அப்போது எஞ்சின் இல்லை, ஃபேன் பெல்ட் இல்லை. அடுத்தது பள்ளம். இதற்கு மழமழவென்று ஒரு ரோடு வேண்டும். பீச் ரோடுதான் நினைவுக்கு வரும், ஆனால் சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விட மாட்டார்கள், பகலில் கூட்டம். அதனால் ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் பக்கம் போனேன். விடியற்காலையில் அந்த உப்பளத்து ரோடு அமைதியாக இருக்கும். ரோடு நன்றாக இருக்கும் இடத்திலும் சத்தம் அதே தாளத்தில் வருகிறது. டேஷ்போர்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன், மாறவில்லை. லூசான ஸ்குரூவாக இருந்தால் கை வைத்ததும் சத்தம் அடங்கும், இல்லை குரல் மாறும். இங்கே எதுவும் நடக்கவில்லை.

பிறகு 50 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் போனேன், அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் கூடுதலாகச் சுற்றுகிறது, சத்தம் மாறவில்லை. நியூட்ரலில் போட்டு உருள விட்டேன், சத்தம் கூடவே உருள்கிறது. வேகம் குறையக் குறைய சத்தமும் நிதானமாகிறது. அதாவது சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டரின் முகத்தில், கீழே பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், தெரிகிறதா? 1280. ஸ்பீடோமீட்டர் கேபிள் என்பது கியர்பாக்ஸிலிருந்து மீட்டர் வரை வந்து, வண்டி ஓட ஓட உள்ளே சுற்றும் கம்பி; வண்டி ஒரு மைல் போனால் அது 1,280 சுற்று சுற்ற வேண்டும் என்று அர்த்தம். இந்த மீட்டர் அந்தக் கணக்குக்குத்தான் செய்யப்பட்டது. சரி, வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குக் கேபிள் எத்தனை சுற்று? 10 கிலோமீட்டர் என்றால் ஆறே கால் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அதை 1280-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 132. அதே வேகத்தில் சக்கரம் எத்தனை சுற்று? என் டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் அளவில் இருக்கிறது, அதனால் நிமிடத்துக்கு 88. பின் அச்சின் கியர் விகிதம் 3.909, ஆகவே கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 340-ஐத் தாண்டும். மூன்றும் மூன்று வேறு எண். ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது!

ஆகவே போனில் ஜிபிஎஸ் ஆப்பைப் போட்டு, 10-லேயே வண்டியைப் பிடித்து, சத்தத்தைப் பதிவு செய்தேன். ஜிபிஎஸ் எதற்கென்றால் மீட்டர் முள்ளை அப்போது நம்ப முடியாது, ஆடிக்கொண்டே இருந்தது. அடடா, முள் ஆடியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அது முக்கியம். சத்தம் வரும்போதெல்லாம் முள்ளும் துடித்துக்கொண்டிருந்தது. சரி, வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணினேன். 130-ஐ ஒட்டி வந்தது. 88 இல்லை, 340 இல்லை, 130! எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை ஒரு ஸ்குரூவையும் தொடவில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை. சத்தம் ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்து வருகிறது என்று வண்டியே எண்ணிக்கையில் சொல்லிவிட்டது. அந்த எண்ணை 1972-இலிருந்து மீட்டர் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 38,000 எஸ்டிமேட் போட்டவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்களா?

பக்கத்திலிருக்கும் ஆர்பிஎம் மீட்டராக இருக்காதா என்று கேட்கலாம். இந்த மாடலில் அது மின்சாரத்தில் வேலை செய்வது, கேபிள் கிடையாது. ஆரம்ப கால எம்ஜிபிகளில் அதற்கும் கேபிள் உண்டு, அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்து நிரூபிக்க வேண்டும் இல்லையா. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் மீட்டரின் முதுகில் கேபிளைப் பிடித்திருக்கும் ஒரு வளையம் கிடைக்கும், ஓரத்தில் சொரசொரப்பாக இருக்கும். விரலாலேயே திருகிக் கழற்றலாம். கழற்றி, நுனியில் துணி சுற்றிக் கட்டிவிட்டு ஓட்டினேன். சத்தம் இல்லை. திரும்ப மாட்டினேன், சத்தம் இருக்கிறது. டேஷ்போர்டை இறக்காமல் அஞ்சு நிமிஷ வேலை.

ஒரு நிமிஷம், கழற்றும் முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துவிடுங்கள். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அங்கே போய் எடுக்க வேண்டும். அப்புறம், மீட்டர்களுக்குப் பின்னால் மெல்லிய செம்புக் குழாய் ஒன்று போகும், டெம்பரேச்சர் மீட்டருடையது. உள்ளே ஈதர் இருக்கிறது. அது மடங்கினால் ஈதர் போய்விடும், மீட்டரும் போய்விடும். கையை விடும்போது அதைத் தொடவே தொடாதீர்கள்.

இனி கடலூர். திருப்பாதிரிப்புலியூரில் அம்பாசடர் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், முன்பே ஒரு வீடியோவில் கார்புரேட்டர் சுத்தம் செய்தாரே, அவர்தான். அம்பாசடர் மெக்கானிக்கிடம் ஏன் எம்ஜி வண்டியைக் கொண்டுபோகிறேன் என்று அப்போதே சொன்னேன். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் என் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம், இரண்டும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் எஞ்சின். அம்பாசடரிலும் ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள்தான். இந்த வண்டியின் பாஷை அவருக்குப் பிறவியிலேயே தெரியும்.

ஏறி உட்கார்ந்தார், பெண்ணையாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினோம். "தம்பி, டேஷ்போர்டுல கை வைக்க விட்டுடாதீங்க, இது கேபிள்தான்" என்றார். நான் எண்ணிக்கை போட்டு வந்த இடத்துக்கு அவர் காதாலேயே வந்துவிட்டார். இவரை எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலிருந்து இன்னரை, அதாவது கேபிளுக்குள் சுற்றும் கம்பியை, உருவினார். இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து லாடம் போல வளைத்து, ஒரு நுனியை மெதுவாக விரலால் உருட்டினார். நல்ல கம்பி என்றால் மறு நுனியும் அதே வேகத்தில் நிதானமாகச் சுற்றும். இது மடங்கிப் போன கம்பி, கொஞ்ச நேரம் அடம்பிடித்து நின்று, சட்டென்று துள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு துள்ளல். அந்தத் துள்ளல்தான் டிக், அதுதான் முள்ளையும் ஆட்டியது. மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணம் அதோடு இழுபடுகிறது, ஒரு மெல்லிய ஸ்பிரிங் திருப்பிப் பிடிக்கிறது. கேபிள் துள்ளினால் முள்ளும் துள்ளத்தான் செய்யும்.

கம்பி ஏன் மடங்கியது? டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் பாட்டுப் பெட்டி மாட்டியிருந்தார். மாட்டியவர்கள் ஸ்பீக்கர் ஒயரையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டேக்கில் இறுக்கி, ஒரு பிராக்கெட்டோடு கட்டிவிட்டார்கள். கேபிள் அங்கே முழங்கை மாதிரி திரும்பியிருந்தது. இப்படிப்பட்ட கேபிளுக்கு வளைவின் ஆரம் 15 செண்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு ரூபாய் டேக் செய்த வேலை! டேக்கை வெட்டி எடுத்தாயிற்று. ஒயரை எதோடு வேண்டுமானாலும் கட்டுங்கள், சுற்றுகிற கேபிளோடு கட்டாதீர்கள்.

இங்கிலாந்திலிருந்து கேபிள் வரவழைக்கலாம் என்று முன்பே விசாரித்தேன், பொருளின் விலையைவிட கூரியரும் கஸ்டம்ஸும் அதிகமாக வந்தது. அண்ணன் மஞ்சக்குப்பத்தில் மீட்டர் ரிப்பேர் செய்பவரிடம் பழைய இன்னரைக் கொடுத்தனுப்பினார். அதே தடிமன் கம்பியை அளந்து வெட்டி, இரண்டு நுனியையும் சதுரமாக அழுத்திக் கொடுத்தார். 450 ரூபாய். அண்ணன் கூலி 300. பில்லைப் பாருங்கள், இதர என்று ஒரு வரிகூட இல்லை.

கிரீஸ் விஷயத்தில் அண்ணன் ரொம்பக் கண்டிப்பு. கம்பி முழுக்க மெல்லிசாகத் தடவினார், ஆனால் மீட்டர் பக்கம் மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தடவவில்லை. கேபிள் சுற்றச் சுற்ற கிரீஸ் மேலே ஏறும், மீட்டருக்குள் போனால் அந்தக் கிண்ணத்திலும் காந்தத்திலும் ஒட்டி, முள் கண்டபடி காட்ட ஆரம்பிக்கும். கேபிளுக்குள் டப்பா ஸ்பிரேயை அடித்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வேலை துளியும் பிடிக்காது. ரெண்டு வாரம் அமைதியாக இருக்கும், அப்புறம் எண்ணெய் மீட்டருக்குள் இருக்கும்.

மொத்தம் 750 ரூபாய். திரும்பி வரும்போது ஜிபிஎஸ்ஸையும் மீட்டரையும் ஒத்துப் பார்த்தேன். மீட்டரில் 30 மைல், போனில் 48 கிலோமீட்டர். 40 மைலில் 64. அப்படியே ஒட்டி நிற்கிறது.

பாட்டுப் பெட்டியை மொத்தமாகக் கழற்றப் போகிறேன், அதன் ஒயர்கள் இன்னும் எங்கெங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த வீடியோ அதுதான். கேபிள் வண்டி வைத்திருப்பவர்கள், அம்பாசடரோ புல்லட்டோ எதுவானாலும் சரி, உங்கள் மீட்டர் முகத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். வருகிறேன்.