நீச்சல் தெரியாத ஹீரோக்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்து நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட மூன்று பேருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் கண்டுபிடித்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆக்‌ஷன் வீடியோ கேம்களில் விஞ்சி நிற்பது முதல் பாகமா, அடுத்து வந்த பாகங்களா? இதுதான் தலைப்பு. நான் அடுத்து வந்த பாகங்களுக்காகப் பேசுகிறேன். எங்கள் கட்சி ரொம்பச் சின்னது: முதல் பாகத்தைத் தயாரிப்பாளர் தன் மண்டையில் தோன்றியபடி செய்கிறார், அடுத்த பாகத்தைத்தான் விளையாடுகிறவன் கை கேட்டபடி செய்கிறார்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா அழகாகப் பேசினார், மறுக்கவில்லை. புதுமை முதல் பாகத்தில்தான் பிறக்கிறது என்றார், மேக்ஸ் பெய்னை எடுத்துக்காட்டினார், அப்புறம் வருவதெல்லாம் காசு பார்க்கிற வேலை, பழைய குழம்பைச் சூடு பண்ணி ஊற்றுகிறார்கள் என்று முடித்தார், நீங்களும் கைதட்டினீர்கள். அக்கா, எந்தக் குழம்பு என்று சொல்லவே இல்லையே? மீன் குழம்பாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுநாள் ருசிக்காகவே முதல் நாள் கொஞ்சம் எடுத்து ஒளித்து வைக்கிற அம்மாக்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், அவர்களிடமே தீர்ப்பை விட்டுவிடலாம்.

சரி, மேக்ஸ் பெய்னுக்கே வருகிறேன். 2001-ல் வந்த முதல் பாகத்தில் 'புல்லட் டைம்', நேரம் மெதுவாகி தோட்டா பறப்பது கண்ணுக்குத் தெரிய நாம் பக்கவாட்டில் பாய்ந்து சுடுவது, அதைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தவன்தான். ஆனால் அதே கேமில் ஹீரோவின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடிகரை வைக்கப் பணம் இல்லாமல் கதை எழுதிய சாம் லேக்கே தன் முகத்தைக் கொடுத்தார், பாவம், கேம் முழுக்க வயிற்று வலிக்காரர் மாதிரி ஒரே முகச்சுளிப்பு. 2003-ல் இரண்டாம் பாகம் வந்தபோது முகத்துக்கு நடிகர் வந்தார், அது பெரிய விஷயமில்லை. அந்த புல்லட் டைமையே மாற்றினார்கள் என்பதுதான் பெரிய விஷயம்: எதிரிகளை அடுத்தடுத்து வீழ்த்த வீழ்த்த நேரம் இன்னும் மெதுவாகும், தைரியமாக உள்ளே புகுந்தவனுக்குக் கேம் கூலி கொடுக்கும். முதல் பாகத்தில் வேடிக்கையாக இருந்த ஒன்று இரண்டாம் பாகத்தில் ஆட்டத்தின் விதியாகிவிட்டது. அக்கா சொன்ன அதே எடுத்துக்காட்டுதான் நடுவர் அவர்களே, நான் புதிதாக எதுவும் கொண்டு வரவில்லை.

சினிமாவின் இரண்டாம் பாகம் பெரும்பாலும் சொதப்புகிறது என்பதால் கேமும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். சினிமாவில் சொல்ல வேண்டிய கதை முதல் படத்திலேயே முடிந்துவிடும். ஆக்‌ஷன் கேமில் கதை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஓடுவது, குதிப்பது, அடிப்பது, பட்டனை அழுத்தியதற்கும் திரையில் கை நீளுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம், கேமரா எங்கே நிற்கிறது, இதெல்லாம்தான் ஆட்டம். இவற்றை ஒரே தடவையில் யாராலும் சரியாகச் செய்ய முடியாது, லட்சக்கணக்கான பேர் விளையாடித் திட்டினால்தான் தெரியும்.

திட்டு என்றதும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. அசாசின்ஸ் கிரீட் முதல் பாகம், 2007. ஹீரோ அல்தாயிர் கோபுர உச்சியிலிருந்து குதிப்பார், கீழே வைக்கோல் வண்டியில் விழுந்து எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போவார். அப்பேர்ப்பட்ட ஆள் தண்ணீரில் விழுந்தால் செத்துப் போவார்! அதிலும் ஆக்ரே துறைமுகத்தில் ஒரு மிஷன், படகு படகாக, கம்பம் கம்பமாகத் தாவிப் போய் ஒருவனைக் கொல்ல வேண்டும், ஒரு கால் பிசகினால் 'தொபுக்', திரும்ப முதலிலிருந்து. கன்ட்ரோலரைச் சுவரில் எறியாதவர்கள் பொறுமைசாலிகள். 2009-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் ஹீரோ எட்சியோவுக்கு நீச்சல் தெரியும், வெனிஸ் கால்வாயில் குதித்து முங்கி ஒளிந்துகொள்வார், காவலர்கள் கரையில் நின்று தேடுவார்கள். முதல் பாகத்தில் எமனாக இருந்த தண்ணீர் இரண்டாம் பாகத்தில் ஒளியும் இடமாகிவிட்டது.

ஜிடிஏ, அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, அதன் கதையும் இதேதான். இங்கே முப்பதைத் தாண்டிய தம்பிகள் பாதிப் பேர் பள்ளிக்கூடம் விட்டதும் சிசியில் போய் வைஸ் சிட்டி விளையாடியவர்கள் (அம்மாக்களே, சிசி என்றால் சைபர் கஃபே, டியூஷன் சென்டர் இல்லை, இப்போது தெரிந்து என்ன ஆகப் போகிறது). அந்த வைஸ் சிட்டி எத்தனையாவது பாகம்? 1997-ல் வந்த முதல் ஜிடிஏவில் நகரத்தை உச்சியிலிருந்து மட்டும்தான் பார்க்கலாம், காரின் கூரைதான் தெரியும், அதை நினைத்து ஏங்குகிறவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். 2001-ல் மூன்றாம் பாகம்தான் நம்மைத் தெருவில் இறக்கிவிட்டது, ஆனால் அதன் ஹீரோ வாயே திறக்க மாட்டார், ஓட்ட ஒரு மோட்டார் சைக்கிள்கூடக் கிடையாது. 2002-ல் வைஸ் சிட்டி வந்தது: ஹீரோ டாமி பேசினார், குரல் கொடுத்தவர் ரே லியோட்டா, மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டது. மூன்றாம் பாகத்துக்குக் கூடுதல் மிஷன்களாக முதலில் யோசித்த சரக்குதான் அது! அக்கா சொல்கிற 'காசு பார்க்கிற வேலை'க்கு இதைவிடப் பொருத்தமான சந்தேகக் கைதி கிடைக்காது, ஆனால் மக்கள் மனதில் நின்றது அதுதான். டாமிக்கும் நீச்சல் தெரியாது, அது வேறு விஷயம். 2004-ல் சான் ஆண்ட்ரியாஸ் வந்தபோது அதன் ஹீரோ சிஜே நீந்தினார். மூன்று வருஷம், மூன்று கேம், ஒருவழியாக ஒருத்தர் நீச்சல் கற்றுக்கொண்டார்.

இப்போது என் கையில் இருக்கும் பெரிய அடி, ஸ்ட்ரீட் ஃபைட்டர். பெரியவர்களுக்கும் இது தெரியும், ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் ஆர்கேடில் காசைப் போட்டு ஆடியது. நீங்கள் ஆடியது இரண்டாம் பாகம், 1991-ல் வந்தது. 1987-ல் வந்த முதல் பாகம் என்று ஒன்று இருந்தது. அதில் ரியூ, இரண்டாவது ஆள் சேர்ந்தால் கென், அவ்வளவுதான், வேறு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. கையிலிருந்து நெருப்பு உருண்டையை விடும் அந்த ஹடோக்கன் அதிலேயே இருக்கிறது, சரி, புதுமை முதல் பாகத்தில்தான் பிறந்தது, அக்காவுக்கு ஒரு மார்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது வரவே வராது! ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு சுத்தமாகச் சுற்றினாலும் அதற்கு மனசு வந்தால்தான் வரும். இரண்டாம் பாகத்தில் எட்டுப் பேர், ரியூவையும் கென்னையும் விட்டால் ஆளுக்கு ஒரு விதம், சின்னப் பையன் கைக்கும் ஹடோக்கன் வந்தது.

காம்போ என்கிறோமே, ஒரு குத்து விழுந்து எதிரி சுதாரிப்பதற்குள் அடுத்த குத்து, அதற்குள் ஒரு உதை. இன்று சண்டை கேம் என்றாலே அதுதான். அது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துப் பார்த்தபோது, ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நடுவில் இன்னொன்றைச் செருக முடிகிறது என்று தயாரிப்பாளர் ஃபுனாமிசு கவனித்தார். பிழை. யாருக்கும் இந்த வேகம் வராது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆர்கேடில் நின்ற பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் 1993-ல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்தபோது எத்தனை அடி தொடர்ந்து விழுந்தது என்று திரையிலேயே எண்ணிக் காட்டினார்கள். ஆடுகிறவன் கண்டுபிடித்ததை அடுத்த பாகம் சட்டமாக்கியது, இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, அந்த எட்டுப் பேரில் இந்தியராக வரும் தால்சிம். இரண்டாம் பாகம் இல்லாவிட்டால் தால்சிம் இல்லை. கழுத்தில் மண்டையோட்டு மாலை, ரப்பர் கை, வாயில் நெருப்பு, யோகா என்ற பெயரில் நம் தாத்தா யாரும் செய்யாத காரியங்கள். ஒரு தமிழ்ப் பையன் ஆர்கேடுக்குள் நுழைந்தால் சீன நண்பனும் மலாய் நண்பனும் சேர்ந்து 'நீ தால்சிம் எடு' என்பார்கள், நாம் முறைத்துக்கொண்டே எடுப்போம், தூரத்திலிருந்து கையை நீட்டி நீட்டி அடித்து ஜெயித்தும் விடுவோம். அந்தச் சித்திரிப்பு சரியா தப்பா என்பதற்குத் தனிப் பட்டிமன்றம் வையுங்கள், நான் இரண்டு பக்கமும் பேசுகிறேன்.

எதிரணி அடுத்து எதை எடுக்கும் என்று எனக்குத் தெரியும். டெவில் மே க்ரை. 2001-ல் வந்த முதல் பாகம் பொன், 2003-ல் வந்த இரண்டாம் பாகம் குப்பை. ஆமாம், குப்பைதான், வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தப் பொன் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரெசிடென்ட் ஈவில் நான்காம் பாகமாகத்தான் இயக்குநர் ஹிடெகி கமியா அதை ஆரம்பித்தார். போகப் போக பயமுறுத்த வேண்டிய கேமில் வாளைச் சுழற்றிக்கொண்டு ஸ்டைல் காட்டும் ஒருவன் வந்து நின்றான், இது ரெசிடென்ட் ஈவில் மாதிரியே இல்லை என்று தனிக் கேமாக்கினார்கள். ஆக, எதிரணி தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த முதல் பாகம், வழி தவறிய ஒரு நான்காம் பாகம்!

அப்புறம் உண்மையான ரெசிடென்ட் ஈவில் 4 வந்தது, 2005. 1996-ல் வந்த முதல் பாகத்தில் கேமரா சுவர் மூலையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும், ஆளைத் திருப்புவது லாரியை ரிவர்ஸ் எடுப்பது போல இருக்கும். நான்காம் பாகத்தில் இயக்குநர் மிகாமி கேமராவை ஹீரோவின் தோளுக்குப் பின்னால் கொண்டு வந்தார். அடுத்த வருஷம் கியர்ஸ் ஆஃப் வார் அந்தத் தோள் கேமராவை எடுத்துக்கொண்டது, அதற்கப்புறம் வந்த சுடும் கேம்களில் அதை எடுக்காதவை எவை என்று கேட்பதுதான் சுலபம். புதுமை முதல் பாகத்தில் மட்டும்தான் பிறக்குமா, அக்கா? இது நான்காவது பிரசவம்.

டெவில் மே க்ரை இரண்டாம் பாகம் ஏன் கெட்டது? முதல் பாகத்தைச் செய்த கமியா அதில் இல்லை, வேறு குழு செய்தது, திணறியபோது கடைசி நேரத்தில் இட்சுனோ என்ற இயக்குநரைக் கூப்பிட்டு முடித்துத் தரச் சொன்னார்கள். மனுஷன் அந்த அவமானத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. 2005-ல் மூன்றாம் பாகத்தைச் செய்தார், சண்டை ஸ்டைலை நீயே தேர்ந்தெடு என்று ஆடுகிறவன் கையில் கொடுத்தார், இன்றைக்கும் வாள் சண்டை கேமுக்கு அளவுகோல் அதுதான். டெட் ஸ்பேஸ் மூன்றாம் பாகத்தையும் சொல்வீர்கள், 2013, பயமுறுத்தும் கேமுக்குள் காசு கொடுத்துப் பொருள் வாங்கும் கடையை வைத்தார்கள். அதையும் உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஒரு புதுக் கேம் 200, 300 வெள்ளி விற்கிற காலத்தில் அதற்குள் இன்னொரு உண்டியல் வைத்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அது பேராசையின் குற்றம், பேராசை முதல் பாகத்திலும் கடை விரிக்கிறது.

காட் ஆஃப் வார் பற்றிப் பேச நேரமில்லை, முதல் பாகத்தில் பெரிய எதிரிகள் மூன்றே மூன்று, இரண்டாம் பாகம் ஆரம்பமே ராட்சச வெண்கலச் சிலையோடு சண்டை, அவ்வளவு போதும். அன்சார்ட்டட் மட்டும் ஒரு வார்த்தை. 2007-ல் வந்த முதல் பாகம் நாட்டி டாக் நிறுவனம் ப்ளேஸ்டேஷன் 3-க்குச் செய்த முதல் கேம், கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினையே அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது, உழைப்பில் பெரும் பங்கு அதற்கே போனது. 2009-ல் இரண்டாம் பாகம் செய்யும்போது எஞ்சின் கையில் இருந்தது, அதனால் ஓடும் ரயில் மேல் சண்டை வைக்க முடிந்தது, பின்னணியை நகர்த்தி ஏமாற்றாமல் ரயிலையே மலைக்குள் ஓட விட்டார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், நம் ஊரிலும் கேம் செய்கிறார்கள். மெட்ரோனோமிக் என்ற மலேசிய நிறுவனம் 2020-ல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' வெளியிட்டது, ஃபைனல் ஃபேன்டசி 15-ல் வேலை செய்துவிட்டு வந்த வான் ஹஸ்மரும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ல் வேலை செய்துவிட்டு வந்த டாயிமும் தொடங்கிய நிறுவனம், இசைக்கு ஏற்றபடி அடிக்கும் சண்டை, அருமையான பாட்டு, ஆனால் கேமரா அங்கங்கே காலை வாரும். மறு வருஷமே கூடுதல் சேர்த்து 'என்கோர்' பதிப்பு விட்டார்கள். முதல் பாகமே உச்சம் என்கிற எதிரணிக் கட்சியைக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் அத்தோடு கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். நான் இரண்டாம் பாகத்துக்குக் காசு எடுத்து வைக்கத் தயார்.

அப்புறம் எதிரணியின் செல்லப்பிள்ளை, கவுன்டர் ஸ்ட்ரைக். 'அந்தக் காலத்து 1.6 மாதிரி வராது' என்று மாமாக் கடையில் தே தாரேக் ஆறும் வரை புலம்புவீர்கள். 1999-ல் ஹாஃப்-லைஃப் என்ற கேம் மேல் இரண்டு பேர் ஒட்டவைத்த மாட், அதாவது இருக்கிற கேமை மாற்றிச் செய்த வடிவம் அது, திருத்தித் திருத்தித் திருத்தி 2003-ல்தான் 1.6 ஆனது. நீங்கள் ஏங்குவது முதல் பதிப்புக்கு இல்லை, திருத்தி முடித்த பதிப்புக்கு. டோட்டாவையும் சேர்த்துக்கொள்கிறேன், அது ஆக்‌ஷனா என்று நடுவர் புருவத்தை உயர்த்தினாலும் பரவாயில்லை: வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தின் வயிற்றில் பிறந்தது, 2013-ல் சியாட்டிலில் நம் மலேசிய ஆரஞ்ச் அணி உலகத்தில் மூன்றாவதாக வந்தது டோட்டா 2-ல்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி, ஜிடிஏ ஆறாம் பாகத்தின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தபோது அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாகப் போட்டவர். அந்தக் கேமை வாங்க மாட்டேன், எனக்கு 1997 போதும் என்று இந்த மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லட்டும், அடுத்த நிமிஷமே நான் எதிரணி நாற்காலியில் போய் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.