அசையாமல் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள்?

நீங்கள் அசையாமல் உட்கார்ந்து இந்த வீடியோவைப் பார்க்கிறீர்கள். ஆனாலும் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று உடனே மனதில் கேட்டவர்களுக்கு என் கைதட்டல். இன்றைய வீடியோவே அந்தக் கேள்விதான்.

அந்த 'எதை வைத்து' என்பதற்குப் பெயர் குறிப்பாயம். நாற்காலியை வைத்துப் பார்த்தால் உங்கள் வேகம் பூஜ்யம். சூரியனை வைத்துப் பார்த்தால் நொடிக்கு 30 கிலோமீட்டர். நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்லும் எல்லாக் குறிப்பாயங்களுக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே என்றார் ஐன்ஸ்டைன், 1905-இல்.

சரி, 370 எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

[திரையில்: முழு வானத்தின் வெப்பநிலைப் படம். ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம்]

பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி, இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் நுண்ணலையாக நம்மை வந்தடைகிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். ஆனால் வானத்தின் ஒரு பக்கம் இம்மியளவு சூடு; எதிர்ப்பக்கம் அதே இம்மியளவு குளிர். எவ்வளவு தெரியுமா? ஒரு டிகிரியை ஆயிரம் கூறாக்கினால், அதில் மூன்றே சொச்சம்! எதிரே வரும் ரயிலின் ஊதல் கீச்சென்று ஒலிக்கும் அதே டாப்ளர் விளைவுதான். நாம் எந்தப் பக்கம் விரைகிறோமோ, அந்தப் பக்கத்து ஒளி சூடாகத் தெரிகிறது. அந்த மூன்று சொச்சத்திலிருந்துதான் 370 கிடைத்தது. அதாவது, அந்தப் பழைய ஒளியை வைத்துப் பார்த்தால் நம் வேகம் அது.

1970-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்மூட்டும் சக ஆய்வாளர்களும் இதை அளக்க, உளவுக்காக உருவான யூ-2 ரக விமானத்தில் கருவியை ஏற்றி, காற்றின் ஈரப்பதம் குறுக்கிடாத உயரத்துக்கு அனுப்பினார்கள். கருவியே பொய் சொல்கிறதோ என்று சோதிக்க, விமானத்தையே திருப்பித் திருப்பி அளந்தார்கள். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

"அப்படியானால் பிரபஞ்சத்துக்கென்று தனிக் குறிப்பாயம் இருக்கிறதே, ஐன்ஸ்டைன் சொன்னது தவறா?" இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் எந்தச் சோதனை செய்தாலும் இந்த 370-ஐக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே இருக்கும் ஒளியைப் பார்த்தால்தான் தெரியும். விதிகள் எந்தக் குறிப்பாயத்துக்கும் சலுகை காட்டுவதில்லை. அந்தப் பழைய ஒளி எந்தக் குறிப்பாயத்தில் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டில் தெரிகிறதோ, அதை நாம் வசதிக்காக எடுத்துக்கொள்கிறோம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்பதும் அந்தக் குறிப்பாயத்தின் கடிகாரப்படிதான்.

அடுத்த முறை சிம்ம விண்மீன் கூட்டம் கண்ணில் பட்டால், சிங்கத்தின் பின்னங்கால்களுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். நாம் போய்க்கொண்டிருப்பது அந்தப் பக்கம்தான். பார்த்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.