கோழிக்கூட்டத்தில் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள்?

(காட்சி: புளியரை. ஒரு வீட்டுப் பின்கட்டில் பஞ்சாரம் தூக்கப்படுகிறது.)

கேரள எல்லைக்குச் சற்று முன்னால், மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரில், காலையில் குருணையை இறைத்ததும் ஆறு பெட்டைக்கோழிகள் ஓடி வருகின்றன. மொட்டைக்கழுத்துக் கறுப்பு தலையை இலேசாக நிமிர்த்துகிறது. பக்கத்தில் வந்த செவலை இரண்டடி பின்வாங்குகிறது. கொத்து எதுவும் விழவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இந்தப் பின்வாங்கலைத்தான்.

நார்வேயின் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே, சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதியவர். எது எதைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்துவதில்லை என்று பார்த்து, 1920களின் தொடக்கத்தில் 'கொத்து வரிசை'யை அறிவியல் உலகுக்கு விளக்கினார்.

ஆறு கோழிகளுக்குள் 15 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையும் தொடக்கத்தில் மோதித் தீர்த்துக்கொண்டபின், தோற்றது விலகுவதால் சண்டை குறைகிறது. உடல் எடை, வயது, கொண்டையின் அளவு ஆகியவை முடிவைச் சாய்க்கும் என்றாலும், அவை மட்டுமே போதாது. ஒரு மோதலில் வென்ற விலங்கு அடுத்ததிலும் வெல்லவும், தோற்றது மறுபடி தோற்கவும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல இனங்களில் காணப்பட்டிருக்கிறது. இவான் சேஸும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிக்லிட் மீன்களைப் பிரித்து வைத்து மீண்டும் ஒன்றுசேர்த்தார்கள். அதே மீன்கள்தான்; ஆனால் பெரும்பாலான குழுக்களில் யார் எந்த இடம் என்பது மாறிவிட்டது. பிறவிப் பலமே எல்லாம் என்றால் இப்படி நடந்திருக்காது.

(காட்சி: மலைச்சாலைத் தடுப்புச்சுவரில் நாட்டுக்குரங்குகள்.)

குரங்குகளில் கதை வேறு. இவற்றின் பெண்களிடையே மகளின் இடம் பெரும்பாலும் தாயின் இடத்தை ஒட்டியே அமைகிறது. தாயின் துணை இருக்கும் குட்டியிடம் மற்றவை வம்பு வைத்துக்கொள்வதில்லை.

கோழிக்கு அந்தத் துணையும் இல்லை. அதன் இடம் மற்றவற்றின் நினைவில்தான் இருக்கிறது. கொண்டையின் தோற்றத்தை மாற்றினால் பழகிய கோழியையே அந்நியமாக எண்ணித் தாக்கும். சில வாரம் பிரிந்திருந்தாலும் அப்படித்தான்.

(காட்சி: பஞ்சாரத்தருகே சாம்பல்நிறக் கோழி.)

அடைவைக்க ஆரியங்காவுக்கு, மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்ட இது நேற்றுத்தான் திரும்பியது. போகும்போது கறுப்புக்கு அடுத்த இடம் இதற்கு. இன்று குருணைக்குக் கழுத்தை நீட்டியதும், முன்பு இதற்கு ஒதுங்கிய செவலை, சிறகை விரித்து நேராக வருகிறது.