மீதி ஆறு நாள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மும்பை தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில், சபை மூலமாகப் பிள்ளைகள் ஊழியம் செய்கிறவர்களில் நானும் ஒருத்தி.

ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஞாயிறு பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான். பொம்மலாட்டம் காட்டி, கையைத் தட்டிப் பாடி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தால் எந்தச் சந்திலும் கூட்டம் சேரும். மீதி ஆறு நாள் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி தொடங்கினாரே, அது குண்டூசி ஆலைகளில் வாரமெல்லாம் உழைத்துவிட்டு ஞாயிறன்று தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான். நாம் பாட்டை வைத்துக்கொண்டு வாசிப்பை விட்டுவிட்டோம், எனக்கு அதில் ஆதங்கம் உண்டு.

தாராவித் தமிழர்களில் பலருடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். இன்றைக்கு நிறைய வீடுகளில் இட்லி வியாபாரம். விடியுமுன்னே எழுந்து அவித்து, சட்னி அரைத்து, அண்டாவைச் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் அம்மா உட்காருவாள். கூடவே எழுந்து தண்ணீர் பிடித்த பையன் வகுப்பில் தூங்கி விழுந்தால் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். அதனால் வீடு சந்திக்கப் போனால் மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும். போனதும் ஜெபம் என்று ஆரம்பிக்காமல், கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும்: அப்பாவின் குடி, வட்டிக்காரன், மூத்த பையன் சொல்யூஷன் என்கிற பசையைத் துணியில் ஊற்றி மோந்து போதை ஏற்றிக்கொள்வது எல்லாம் தானாக வெளியே வரும். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து, 2000 ஜனவரி 1க்கு முன்னாலேயே இங்கே இருந்தோம் என்று காட்டுகிற காகிதங்களைத் தேடி எடுத்து, படிவம் நிரப்பித் தருவதும் எங்கள் ஊழியத்தில் சேர்ந்துவிட்டது.

வருகிற பிள்ளைகள் எல்லாரும் கிறிஸ்தவப் பிள்ளைகள் இல்லை. மாலை டியூஷன் யாருக்கும் திறந்தே இருக்கிறது, பைபிள் சொல்லித்தருகிற வேத வகுப்புக்கு மட்டும் அம்மா அப்பாவிடம் விவரமாகச் சொல்லி, சரி என்றால்தான் உட்கார வைப்போம். 1992-93 இந்து-முஸ்லிம் கலவரத்தைக் கண்ட பேட்டை இது, பக்கத்து வீட்டாரின் நம்பிக்கை போய்விட்டால் திரும்பச் சம்பாதிப்பது கஷ்டம்.

இன்னொன்று, இதைச் சபைகளுக்கே சொல்கிறேன். பிள்ளையோடு எந்தப் பெரியவரும், போதகராகவே இருந்தாலும், மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தப்பு நடந்தால் சபை மானம் போகும் என்று உள்ளுக்குள் பேசி முடிக்கிற வழக்கம் இருக்கிறதே, அது பாவம் மட்டுமில்லை. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற 2012ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்கு இரவிலும் கூப்பிடலாம், காசு கிடையாது.

அப்புறம், தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் இருக்கிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தர எங்களுக்கு ஆள் தேவை. மராத்தியும் தெரிந்தால் ரொம்ப நல்லது.